கோஜியும் கடலைப் பூஞ்சையும் வேறல்ல

பூஞ்சைகளைப் பற்றிய பாடங்களிலும் உணவு பற்றிய எழுத்துகளிலும் ஓர் இணை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பக்கம் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே: ஜப்பானியர் அரிசியிலும் சோயாவிலும் வளர்த்து, சாக்கே என்னும் மதுவையும் மிசோவையும் சோயா சாஸையும் எடுக்கிற கோஜிப் பூஞ்சை. மறுபக்கம் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்: நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் கொப்பரையிலும் மஞ்சள் கலந்த பச்சையாகப் படர்ந்து, ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரப்பது. இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள், ஒன்று நல்லது, மற்றது கெட்டது, ஆகவே ஒன்றை நம்பி உண்ணலாம், மற்றதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. கேட்பதற்குத் தெளிவாக இருக்கும் இந்த விளக்கம் அடிப்படையிலேயே தவறு. இவை இரண்டு சிற்றினங்கள் அல்ல. ஒரே சிற்றினத்தின் காட்டு வடிவமும் மனிதர் வளர்த்தெடுத்த வடிவமும்தான். கோஜியை உண்பவர்களைக் காப்பது அதன் பெயரோ பிறவிக் குணமோ அன்று. குறிப்பிட்ட திரிபுகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பிரித்து வைத்த மனித உழைப்பும், அந்தத் திரிபுகளுக்குள் நேர்ந்த மரபணு இழப்பும், அவற்றைச் சோதித்து உறுதிசெய்த ஆய்வுக்கூடங்களும்தான் காக்கின்றன. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது உண்பவர்களையும் உழவர்களையும் ஒருசேரத் தவறான இடத்தில் நிறுத்துகிறது.

பெயர்கள் எப்படி வந்தன என்பதிலிருந்தே தொடங்கலாம். ஃப்ளேவஸ் என்ற பெயரை ஜெர்மானிய இயற்கையியலாளர் லிங்க் 1809இல் வைத்தார். கோஜியிலிருந்து எடுத்த பூஞ்சையை, ஜப்பானில் பணியாற்றிக்கொண்டிருந்த ஹெர்மன் ஆல்பர்க் 1876இல் யூரோஷியம் ஒரைசே என்று விவரித்தார். 1884இல் ஃபெர்டினாண்ட் கோன் அதை ஆஸ்பர்ஜில்லஸ் பேரினத்துக்கு மாற்றினார். இவர்கள் கையில் இருந்தது நுண்ணோக்கி மட்டுமே. நிறம், தண்டின் நீளம், வித்துகளின் பருமன் ஆகியவற்றைப் பார்த்துப் பெயரிட்டார்கள். நஞ்சு என்ற பேச்சே அப்போது இல்லை. அது 1960இல்தான் எழுந்தது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தடம் பிடித்துப் போனபோது அது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கிலும், அதில் வளர்ந்திருந்த ஃப்ளேவஸிலும் போய் முடிந்தது. நுண்ணோக்கியில் தெரிந்த சிறு வேறுபாடுகளுக்காக வைத்த இரு பெயர்கள், முக்கால் நூற்றாண்டு கழித்து, நஞ்சுள்ளது, நஞ்சில்லாதது என்ற பொருளைச் சுமக்கத் தொடங்கின. அந்தச் சுமையைத் தாங்குவதற்கென்று அவை வைக்கப்படவில்லை.

அந்தச் சுமையை அவை தாங்குமா என்று டிஎன்ஏவைக் கேட்டால், இல்லை என்ற விடை நாற்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளரான கர்ட்ஸ்மனும் உடன் பணியாற்றியவர்களும் இந்தப் பூஞ்சைகளின் டிஎன்ஏ இழைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்று அளந்து 1986இல் வெளியிட்டார்கள். ஃப்ளேவஸும் ஒரைசேயும் முழுமையாகப் பொருந்தின. அவற்றைத் தனிச் சிற்றினங்களாக வைப்பதற்கு ஆதாரமில்லை, ஒன்றன் உள்வகையாக மற்றதை வைக்க வேண்டும் என்று அவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். 1998இல் கைசர், பிட், டெய்லர் ஆகிய மூவரும் ஆஸ்திரேலியாவில் எடுத்த 31 ஃப்ளேவஸ் மாதிரிகளைப் பதினொரு மரபணுக்களைக் கொண்டு ஒப்பிட்டார்கள். மாதிரிகள் தமக்குள் மரபணுக் கலப்பில்லாத இரண்டு குழுக்களாகப் பிரிந்தன. கூடவே வைத்துப் பார்த்த ஐந்து ஒரைசேத் திரிபுகள் தனியாக நிற்கவில்லை. ஐந்தும் முதற்குழுவுக்குள்ளேயே அடங்கின. அதாவது, முதற்குழுவைச் சேர்ந்த ஃப்ளேவஸுக்கு, அதே பெயரைத் தாங்கிய இரண்டாம் குழுவைவிடச் சாக்கேத் தொட்டியில் வளரும் ஒரைசே நெருங்கிய உறவு. 2005இல் ஒரைசேயின் முழு மரபணுத்தொகை வெளிவந்தது. எட்டு குரோமோசோம்கள், ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் எழுத்துகள், சுமார் 12,000 மரபணுக்கள். ஃப்ளேவஸின் மரபணுத்தொகையும் அதே அளவு, அதே எட்டுக் குரோமோசோம்கள். 2012இல் கிப்பன்ஸும் சக ஆய்வாளர்களும் இரண்டையும் ஒப்பிட்டபோது எழுத்துக்கு எழுத்து 99.5 விழுக்காடு ஒத்திருந்தன. ஒன்றிலிருந்து மற்றது மனிதர் கையால் வளர்த்தெடுக்கப்பட்டது என்ற முடிவுக்கே அந்த ஆய்வும் வந்தது.

மிச்சமுள்ள அரை விழுக்காட்டில்தான் நஞ்சு இருக்கிறதோ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்கான விடை வழக்கமான கருத்தை இன்னும் பலவீனமாக்குகிறது. அஃப்ளாடாக்சினைச் செய்வதற்கு ஒரே குரோமோசோமில் வரிசையாக அமைந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் வேண்டும். சுமார் 70,000 எழுத்துகள் நீளமுள்ள கூட்டம் அது. இந்தக் கூட்டம் ஃப்ளேவஸில் இருக்கும், ஒரைசேயில் இருக்காது என்றால் பேச்சே இல்லை. உண்மையில், முழு மரபணுத்தொகை முதலில் படிக்கப்பட்ட ஒரைசேத் திரிபில் அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட முழுமையாகவே இருக்கிறது. சில இடங்களில் எழுத்துகள் உதிர்ந்தும் மாறியும் போயிருக்கின்றன, கூட்டத்தை முடுக்கிவிடும் மரபணு வேலை செய்வதில்லை, அதனால் நஞ்சு உருவாவதில்லை. வேறு கோஜித் திரிபுகளில் கூட்டத்தின் பாதிக்கு மேல் அறுந்து போயிருக்கிறது. கோஜிக்கு நஞ்சுச் செய்முறை தெரியாமல் இல்லை, தெரிந்திருந்ததை வெவ்வேறு திரிபுகள் வெவ்வேறு விதத்தில் இழந்திருக்கின்றன. இனி மறுபக்கத்தைப் பாருங்கள். வயல் மண்ணிலிருந்து எடுக்கும் ஃப்ளேவஸ் எல்லாமே நஞ்சு சுரப்பவை அல்ல. அரிசோனாவின் பருத்தி நிலத்திலிருந்து பிரித்த ஏஎஃப் 36 என்ற ஃப்ளேவஸ் திரிபில், நஞ்சின் முதற்படியைச் செய்யும் மரபணு ஒரே ஓர் எழுத்துப் பிழையால் செயலிழந்திருக்கிறது. என்ஆர்ஆர்எல் 21882 என்ற இன்னொரு ஃப்ளேவஸ் திரிபில் அந்த மரபணுக் கூட்டமே இல்லை. பெயரளவில் கெட்ட பூஞ்சையான இது, நஞ்சு மரபணுக்களைப் பொறுத்தவரை, பெயரளவில் நல்ல பூஞ்சையைவிடச் சுத்தமானது. நஞ்சுள்ளவற்றையும் நஞ்சில்லாதவற்றையும் பிரிக்கும் கோடு சிற்றினங்களுக்கு இடையே ஓடவில்லை. திரிபுக்கும் திரிபுக்கும் இடையே ஓடுகிறது.

இதற்குப் பிறகும் பழைய பிரிவினை எப்படி நிலைத்து நிற்கிறது? அதைத் தாங்கி நிற்பது வட்டமாகச் சுற்றும் ஒரு தர்க்கம். ஒரைசே என்று பெயரிடப்பட்ட ஏதோவொரு திரிபு அஃப்ளாடாக்சின் சுரந்ததாக எப்போதாவது செய்தி வரும். உடனே, அது தவறாக அடையாளம் காணப்பட்ட ஃப்ளேவஸ் என்று விளக்கம் தரப்படும். அந்த விளக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதில் குறையில்லை. ஆனால் நஞ்சு சுரந்தால் ஃப்ளேவஸ், சுரக்காவிட்டால் ஒரைசே என்று நஞ்சை வைத்தே பெயரைத் தீர்மானித்துவிட்டு, பிறகு ஒரைசே ஒருபோதும் நஞ்சு சுரப்பதில்லை என்பதை இயற்கை பற்றிய ஒரு கண்டுபிடிப்பாக முன்வைக்க முடியாது. வரையறையில் வைத்ததையே முடிவாக எடுத்துக் காட்டுவது ஆதாரம் ஆகாது. நான் மறுப்பது இந்த இடத்தைத்தான். தொழிலில் பயன்படும் கோஜி பாதுகாப்பானது என்பதை மறுக்கவில்லை. அது பாதுகாப்பானது, அதற்கு வலுவான சான்றுகள் உண்டு. வான்கோழிகளின் சாவுக்குப் பிறகு ஜப்பானிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டு மது, மிசோ, சோயா சாஸ் ஆலைகளின் திரிபுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள், அவற்றில் அஃப்ளாடாக்சின் இல்லை என்று காட்டினார்கள். பெயரை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் சோதனைக்கே அவசியம் இருந்திருக்காது. அவர்கள் பெயரை நம்பவில்லை. அதுதான் சரியான வழி.

எதிர்ப்பக்கத்தின் வாதங்களில் வலுவானது, கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. கோஜித் திரிபுகள் பஞ்சுபோல் உயர்ந்து வளர்கின்றன, வித்துகள் பருமனாக இருக்கின்றன, முதிரும்போது பச்சை மங்கிப் பழுப்பேறுகிறது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு சில திரிபுகளில் மூன்று பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. இவ்வளவு மாற்றம் இருக்கும்போது ஒரே சிற்றினம் என்பது எப்படி? இந்த மாற்றங்கள் என்ன வகையானவை என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். அரிசியை விரைவாகச் சர்க்கரையாக்குவது, அடர்த்தியாக வளர்வது, மண்ணிலும் வெயிலிலும் பிழைப்பதற்கான ஆற்றல்கள் தேய்ந்துபோவது ஆகிய எல்லாமே, ஓர் உயிர் மனிதரின் பராமரிப்பில் பல தலைமுறைகள் வாழும்போது அதில் ஏற்படும் மாற்றங்கள். ஜப்பானில் கோஜி வித்து தயாரிப்பது பல நூற்றாண்டுப் பழமையுள்ள தனித் தொழில். கியோட்டோவின் கித்தானோ பகுதியில் கோஜி வணிகர் கூட்டமைப்பு ஒன்று அந்த உரிமையைத் தன் கையில் வைத்திருந்ததும், அதையொட்டி 1444இல் கலவரம் மூண்டதும் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. வித்துத் தொழிலாளர்கள் வெந்த அரிசியில் மரச்சாம்பலைத் தூவுவார்கள். சாம்பலின் காரத்தன்மையில் வேண்டாத நுண்ணுயிர்கள் ஒடுங்கும், கோஜி நன்றாக வித்து விடும். நல்ல விளைச்சல் தந்த தொகுதியிலிருந்து அடுத்த தொகுதிக்கு வித்து எடுப்பதை இப்படி நூற்றாண்டுகளாகச் செய்தால் உருவமும் பழக்கமும் மாறத்தான் செய்யும். காட்டு வடிவம், வளர்ப்பு வடிவம் என்ற இந்தப் பார்வையை டொனால்ட் விக்லோ 1980களிலேயே வித்துகள் முளைக்கும் வேகத்தை ஒப்பிட்டு எடுத்துரைத்தார். இது ஒருமுறை தற்செயலாக நடந்ததும் அல்ல. சோயா சாஸில் பயன்படும் ஆஸ்பர்ஜில்லஸ் சோஜே, நஞ்சு சுரக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பாரசிட்டிகஸின் வளர்ப்பு வடிவம். அதிலும் நஞ்சுக் கூட்டத்தை முடுக்கும் மரபணு பாதியில் நின்றுபோகும்படி ஒரு பிழை இருக்கிறது. அங்கும் காட்டு வடிவத்துக்கு ஒரு பெயர், வளர்ப்பு வடிவத்துக்கு வேறு பெயர் என்ற அதே ஏற்பாடு நீடிக்கிறது.

வளர்ப்பு வடிவத்துக்குத் தனிப் பெயர் இருப்பதில் என்ன தவறு, காட்டு நெல்லுக்கும் நாம் பயிரிடும் நெல்லுக்கும் தனித்தனிச் சிற்றினப் பெயர்கள் இருக்கின்றனவே என்று தாவரவியல் அறிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வகைப்பாட்டாளர்களில் பலரும் இந்த வசதிக்காகவே ஒரைசே என்ற பெயரை விட்டுவைத்திருக்கிறார்கள். இரண்டும் மரபளவில் ஒன்று என்பது தெரிந்தே, தொழில்துறையும் உணவுச் சட்டமும் குழம்பக் கூடாது என்று இரு பெயர்களையும் வைத்துக்கொள்கிறார்கள். பெயரை வைத்திருப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பெயர் எதை உறுதியளிப்பதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதில்தான் மறுப்பு. நெல்லின் பெயரைப் பார்த்து அது நஞ்சில்லாதது என்று எவரும் முடிவு செய்வதில்லை. காட்டு நெல் எது, வயல் நெல் எது என்பதைக் கதிரைப் பார்த்தாலே உழவர் சொல்லிவிடுவார். பூஞ்சையில் அந்த வசதி இல்லை. தட்டில் பச்சை மஞ்சளாக நிற்கும் ஒரு படலத்தைப் பார்த்து, அது நஞ்சு சுரக்குமா என்று அனுபவமுள்ள கண்ணாலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, வசதிக்காக விட்டுவைத்த ஒரு பெயர் பாடநூலிலும் விளம்பரத்திலும் பாதுகாப்புச் சான்றிதழாக மாறிவிடுகிறது.

இதில் நம் சமையலறைக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. கோஜியை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆர்வம் இப்போது உலகெங்கும் பரவியிருக்கிறது. இட்லி மாவைப் புளிக்க வைப்பதற்கு நாம் எந்த வித்தையும் வாங்குவதில்லை. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன, அதில் அச்சத்துக்கு இடமில்லை. அதே நம்பிக்கையில், வேகவைத்த அரிசியைத் திறந்து வைத்து, அதில் தானாக வந்து படியும் பூஞ்சையைக் கோஜி என்று எடுத்துக்கொண்டால் வந்தமர்வது ஃப்ளேவஸாக இருக்கலாம், அது நஞ்சு சுரக்கும் திரிபாகவும் இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள், கோஜி அரிசியில் வளர்வது, மற்றது கடலையில் வளர்வது என்ற பாடம் இந்த ஆபத்தை மறைத்துவிடுகிறது. ஒரே உயிரின் இரு வடிவங்கள், சில திரிபுகளில் மட்டும் நஞ்சு செயலிழந்திருக்கிறது, அவை எவை என்று சோதனையில்தான் தெரியும் என்று சொல்லிக்கொடுத்திருந்தால், சோதித்த வித்தை வாங்காமல் எவரும் தொடங்க மாட்டார்கள். நம் மருந்துக் கடைகளில் விற்கும் செரிமான மருந்துகள் பலவற்றில் உள்ள பூஞ்சை டயாஸ்டேஸும் இதே கோஜிப் பூஞ்சையிலிருந்து வருவதுதான். ஜோகிச்சி தகாமினே 1894இல் காப்புரிமை பெற்ற தொழில்நுட்பத்தின் வழித்தோன்றல் அது. அதை அச்சமில்லாமல் குடிக்க முடிவதற்குக் காரணம், இன்ன திரிபு என்று அறிந்து, அதை மட்டும் தனியே பேணி, நொதியைப் பிரித்தெடுப்பது.

ஒழுங்குமுறை பற்றிய மறுப்பு ஒன்றும் எழும். இரண்டும் ஒன்று என்று ஒப்புக்கொண்டால், ஃப்ளேவஸ் என்ற பெயருள்ள எதையும் உணவுத் துறை அதிகாரிகள் அனுமதிக்க மாட்டார்கள், பழமையான ஒரு தொழில் முடங்கிப்போகும் என்ற கவலை அது. நடந்த வரலாறு இதற்கு மாறாக இருக்கிறது. முன்பு சொன்ன ஏஎஃப் 36 திரிபைப் பருத்தி வயல்களில் தூவுவதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2003இல் பதிவு அளித்தது. என்ஆர்ஆர்எல் 21882 திரிபுக்கு நிலக்கடலை வயல்களுக்காக 2004இல் பதிவு கிடைத்தது. இரண்டுக்கும் ஃப்ளேவஸ் என்றே பெயர். அதிகாரிகள் பெயரைப் பார்த்து விரட்டவில்லை, திரிபின் தன்மையைப் பார்த்தார்கள். கோஜிக்கும் அதே அளவுகோலை வைத்தால் தொழிலுக்கு ஒரு கேடும் வராது, சோதிக்கப்பட்ட திரிபுகளின் மதிப்பு கூடவே செய்யும். பெயரை மட்டும் நம்புவது எதிர்த்திசையிலும் ஏமாற்றியிருக்கிறது. கென்யாவில் 2004இல் மக்காச்சோளத்தில் ஏறிய அஃப்ளாடாக்சினால் 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள். தொடக்கத்தில் அதற்குக் காரணமான பூஞ்சையும் ஃப்ளேவஸின் ஒரு வகையாகவே எண்ணப்பட்டது. பின்னர் மரபணுக்களைப் பார்த்தபோது அது ஃப்ளேவஸிலிருந்து பிரிந்த வேறொரு மரபுவழி என்று தெரிந்தது. ஃப்ளேவஸோடு ஒன்றான கோஜியை வேறு பெயரில் வைத்தோம், ஃப்ளேவஸிலிருந்து வேறான கொலைகாரப் பூஞ்சையை அதே பெயரில் வைத்திருந்தோம். இரண்டு முறையும் நஞ்சைப் பற்றிப் பெயர் சொன்ன சேதி தவறு.

இந்தத் தவறின் விலையை அதிகமாகக் கொடுப்பவர்கள் கடலையும் மக்காச்சோளமும் பயிரிடுகிறவர்கள். 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். இன்று அவ்வளவு பெரிய சாவுகள் இல்லாவிட்டாலும் நஞ்சு போய்விடவில்லை. காய் முற்றும் வேளையில் வறட்சி வந்தாலும், அறுவடைக்குப் பின் சரியாக உலராவிட்டாலும், உடைப்பதற்கு வசதியாகக் காயின் மேல் தண்ணீர் தெளித்தாலும் கடலையில் அஃப்ளாடாக்சின் ஏறுகிறது. நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் மொத்த அஃப்ளாடாக்சின் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை. இதற்குத் தீர்வாக நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் ஃப்ளேவஸை ஒழிப்பது என்ற ஒரே நோக்கில் இருக்கிறது. உலர்த்துவதும் பொறுக்குவதும் கட்டாயம் வேண்டும், அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெப்ப நாட்டு மண்ணில் இந்தப் பூஞ்சையை ஒழிக்கவே முடியாது. ஒழிக்காமல், அதன் நஞ்சில்லாத உறவைக் கொண்டு நஞ்சுள்ளதை இடம்பெயர்ப்பது இன்னொரு வழி. நஞ்சில்லாத திரிபின் வித்தை ஏற்றிய தானியத்தைப் பூக்கும் காலத்தை ஒட்டி வயலில் தூவினால், அது முதலில் பரவி இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்கிறது, நஞ்சுள்ளது பின்தள்ளப்படுகிறது. அமெரிக்காவிலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இது நடைமுறையில் இருக்கிறது. நைஜீரியாவில் அந்நாட்டு மண்ணிலிருந்தே எடுத்த திரிபுகளைச் சேர்த்து அஃப்ளாசேஃப் என்ற பெயரில் தருகிறார்கள். ஃப்ளேவஸ் முழுவதும் கெட்டது என்று கற்றவருக்கு, ஃப்ளேவஸையே வயலில் தூவச் சொல்வது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இரு வடிவங்களும் ஒரே குடும்பம் என்று கற்றவருக்கு அது இயல்பான யோசனை.

இதற்கும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஃப்ளேவஸ் பாலினச் சேர்க்கை இல்லாமல் வித்துகளால் மட்டுமே பெருகுகிறது என்று நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். 2009இல் புரூஸ் ஹார்னும் உடன் பணியாற்றியவர்களும் அதன் பாலின நிலையை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். அப்படியானால் வயலில் தூவிய நஞ்சில்லாத திரிபு, நஞ்சுள்ளதோடு கூடி, இழந்த மரபணுக்களைத் திரும்பப் பெறலாம் அல்லவா? கொள்கையளவில் பெறலாம். ஒரே ஓர் எழுத்துப் பிழையால் நஞ்சிழந்த திரிபைவிட, மரபணுக் கூட்டத்தையே இழந்த திரிபைத் தேர்வது நல்லது என்பதற்கும், பயன்படுத்தும் இடங்களில் ஆண்டுதோறும் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்பதற்கும் இது வலுவான காரணம். அதே நேரத்தில், ஒன்றோடொன்று கூடி மரபணுக்களைப் பரிமாறிக்கொள்ளும் உயிர்களை வெவ்வேறு சிற்றினங்கள் என்று எந்த உயிரியல் அளவுகோலில் சொல்வது? மறுப்பவர்கள் அஞ்சும் அந்தக் கலப்புதான் என் வாதத்தின் சான்றும் ஆகிறது.

அஃப்ளாடாக்சின் இல்லை என்பதோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. ஏஎஃப் 36 திரிபு சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற வேறொரு நஞ்சைச் சுரக்கிறது, என்ஆர்ஆர்எல் 21882 சுரப்பதில்லை. கோஜித் திரிபுகளிலும் அந்த அமிலத்தைச் சுரப்பவை சில உண்டு. முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் ஒரைசேத் திரிபில் அதற்கான மரபணு சிதைந்திருப்பதால் அது சுரக்காது. ஒரைசே என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைப் பிடிக்கவே முடியாது. ஆகவே கோஜி வித்து விற்பவர் பொட்டலத்தில் ஒரைசே என்று மட்டும் அச்சிடுவது போதாது. திரிபின் எண்ணையும், எந்த நஞ்சுகளுக்காக அது சோதிக்கப்பட்டது என்பதையும் அச்சிட வேண்டும். பாடநூலில் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் அட்டவணை போய், காட்டு வடிவம் எது, வளர்ப்பு வடிவம் எது, நஞ்சு எப்படி இழக்கப்பட்டது என்ற பாடம் வர வேண்டும். கடலை விளையும் மாவட்டங்களின் மண்ணில் எந்தத் திரிபுகள் எந்த அளவில் இருக்கின்றன என்ற கணக்கெடுப்பை வேளாண் ஆய்வு நிலையங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும். நஞ்சில்லாத உள்ளூர்த் திரிபு எது என்பதை அந்தக் கணக்கு மட்டுமே சொல்லும்.